கணினிக்குள் ஓர் ஐசி நம்பர்

திங்கட்கிழமை காலை. கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம். பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்த கிராணி அக்கா, கணினியைத் திறந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். “தம்பி, என் சாமான்லாம் எங்கே போச்சு?” திரையில் பேரன் படத்தைக் காணோம். வருடக்கணக்காக அடுக்கிவைத்த எக்செல் கோப்புகளையும் காணோம். உண்மையில் ஒன்றும் தொலையவில்லை. கேஎல் சென்ட்ரல் பக்கத்து நிறுவனம் ஒன்று இந்த அலுவலகத்தை வாங்கி, எல்லாருடைய கணக்கையும் வார இறுதியில் தன் டொமைனுக்கு, அதாவது தன் கணினி வலையமைப்புக்கு, மாற்றியிருந்தது. அதே அக்கா, அதே கணினி. ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை அவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்.

விண்டோஸ் யாரையும் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. இந்த ஊரில் எத்தனை சுப்பிரமணியம் இருந்தாலும் அடையாள அட்டையின் ஐசி நம்பர் ஆளுக்கு ஒன்றுதானே? அதுபோல ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் நீளமான ஓர் எண் உண்டு. எஸ்ஐடி என்பார்கள். ஐசியின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம்: சிலாங்கூர் என்றால் 10, கோலாலம்பூர் என்றால் 14. எஸ்ஐடியையும் இப்படிப் பிரித்துப் படிக்கலாம். நடுப்பகுதி எந்த டொமைன் என்று சொல்லும். கடைசித் துண்டு, அங்கே எந்த ஆள் என்று சொல்லும். கூடவே பிறந்த நிர்வாகிக் கணக்குக்கு எப்போதும் 500. நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு 1000 முதல். நிர்வாகியின் பெயரை மாற்றிவைத்தால் திருடன் ஏமாந்துவிடுவான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 500 பல்லைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபோனால் ஐசி நம்பர் மாறாது. எஸ்ஐடி மாறும். டொமைன் மாறினால் மாறும். ஒரு கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் மாறும். அக்காவுக்கு நடந்தது முதலாவது.

இனி அவருடைய ‘சாமான்’. சி டிரைவில் ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் ஆளுக்கொரு கோப்புறை இருக்கும். அதுதான் புரொஃபைல். முதல்முறை உள்ளே நுழையும்போது கணக்கின் பெயரால் அது உருவாகும். பிறகு கணக்கின் பெயரை மாற்றினாலும் கோப்புறையின் பெயர் அப்படியே நிற்கும். நம்மவர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று. ஐசியில் அப்பா பெயருக்கு முன்னால் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யின் சாய்கோடு விண்டோஸ் கணக்குப் பெயரில் செல்லாது. கோடு இல்லாமல் ஒருவர் போடுவார், அப்பா பெயரையே இன்னொருவர் வெட்டிவிடுவார். ஒரே ஆளுக்குப் பழைய டொமைனில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர்.

கோப்புறைக்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ‘ஆப்டேட்டா’ மறைந்திருக்கும். பிரவுசரின் புக்மார்க், அவுட்லுக் கையொப்பம் போன்றவை அதற்குள்தான். இவற்றோடு ‘என்டியூசர்.டாட்’ என்று ஒரே ஒரு கோப்பு. திரையின் பின்னணிப் படம், பிரிண்டர், விசைப்பலகை என்று அந்த ஆளின் விருப்பங்கள் பலவும் பதிந்த பதிவேடு அது. உள்ளே நுழைந்தால் விண்டோஸின் பெரிய பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இணையும், வெளியேறினால் மூடிக்கொள்ளும்.

அப்படியானால் பழைய கோப்புறையை முழுசாக நகலெடுத்துப் புதியதன்மேல் போட்டுவிட்டால் என்ன? நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன், பட்டிருக்கிறேன். என்டியூசர்.டாட்டுக்குள் ஒவ்வொரு பிரிவிலும், இதைத் திறக்க இந்த எஸ்ஐடிக்கு அனுமதி என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பது பழைய எண். புதிய எண்ணோடு வருகிறவரிடம் அந்தப் பதிவேடு முரண்டு பிடிக்கும். விண்டோஸ் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றைக் கொடுத்து உட்காரவைக்கும். அதில் நாள் முழுக்கச் செய்த வேலை, வெளியேறியதும் போய்விடும். எக்ஸ்பி காலத்தில் ‘காப்பி டு’ என்ற பொத்தான் அனுமதியையும் சேர்த்து மாற்றிக்கொடுத்தது. விண்டோஸ் 7 முதல், பொதுவான ‘டிஃபால்ட்’ புரொஃபைலைத் தவிர மற்றவற்றுக்கு அந்தப் பொத்தான் மங்கிவிட்டது.

இப்போது முறையான வழிகள் இரண்டு. ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் யுஎஸ்எம்டி கருவி. ‘ஸ்கேன்ஸ்டேட்’ கட்டளை பழைய கணக்கின் கோப்புகளையும் அமைப்புகளையும் மூட்டை கட்டும். ‘லோட்ஸ்டேட்’ புதியவரின் பெயரில் பிரிக்கும். இன்னொன்று எனக்குப் பிடித்தது: எதையும் நகர்த்தாமல், பழைய வீட்டின் பட்டாவைப் புதிய எண்ணுக்கு எழுதிக்கொடுக்கும் கருவிகள். கோப்புறையின் அனுமதி, பதிவேட்டின் அனுமதி, எந்த எஸ்ஐடிக்கு எந்தக் கோப்புறை என்று விண்டோஸ் வைத்திருக்கும் ‘புரொஃபைல்லிஸ்ட்’ ஆகிய மூன்றையும் அவை திருத்தும். இரண்டுக்கும் நேரமில்லை என்றால், புதிய கணக்கில் ஒருமுறை நுழைந்து வெளியேறி, மூன்றாவதாக ஒரு நிர்வாகிக் கணக்கிலிருந்து ஆவணங்களை மட்டும் நகலெடுக்கலாம். என்டியூசர்.டாட்டைத் தொடக்கூடாது.

அக்காவுக்கு நேரமில்லாத வழிதான் வாய்த்தது. மதியத்துக்குள் பேரன் படம் வந்துவிட்டது, எக்செல் வந்துவிட்டது. கோயில் கமிட்டி கடிதம் ஒன்று மட்டும் வினோதமான எழுத்துகளாகத் திறந்தது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதம். எழுத்துரு இல்லையென்றால் வெறும் கிறுக்கல். எழுத்துரு கணினியில்தானே இருக்கிறது என்று தேடினேன். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது அந்த ஆளின் ஆப்டேட்டாவுக்குள் மட்டும் போகும். எல்லாருக்கும் என்று கேட்டு நிறுவினால்தான் பொது இடத்துக்குப் போகும். தமிழ்த் தட்டச்சுக்குத் தேர்ந்தெடுத்த விசைப்பலகையும் அப்படியே, ஆளுக்குத்தான் சொந்தம். 1985இல் முத்து நெடுமாறன் மலேசியாவிலிருந்துதான் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கினார். அந்த முறையில் பழகிய விரலுக்கு வேறு விசைப்பலகை ஒட்டவே ஒட்டாது. அக்காவுடையதும் அந்த விரல்.

கடைசியில் கடவுச்சொற்கள். பல பிரவுசர்கள் நினைவில் வைத்திருப்பவை வெறும் கோப்பாக இல்லை. அந்த ஆளின் எஸ்ஐடியும் உள்நுழைவுக் கடவுச்சொல்லும் சேர்ந்து உருவாகும் சாவியால் பூட்டியவை. கோப்பை நகலெடுக்கலாம், பூட்டு திறக்காது. பழைய டொமைனில் இருக்கும்போதே அவராக நுழைந்து ஏற்றுமதி செய்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை யாருக்கும் அது தோன்றவில்லை. பழைய டொமைனும் போய்விட்டது. சுங்கத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, கப்பல் நிறுவனங்களுக்கு ஆளுக்கொன்று என்று எத்தனை தளங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமோ என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

அக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார், மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம். பென்சிலில், தேதி போட்டு, பழையதை அடித்துப் புதியதை எழுதி, பதினேழு கடவுச்சொற்கள். இப்படி எழுதிவைக்கக்கூடாது என்று ஊழியர்களுக்கு வருடாவருடம் பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.