இளந்துப்பறிவாளராக எழுத்தாளர்: சிறார் மர்மப் புதினங்களில் புனைவும் சான்றும்

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், துப்பறியும் புதினம், வரலாற்றுப் புனைவு, சுப்பிரமணிய சிவா, பாப்பாரப்பட்டி

முன்னுரை

சிறார் மர்மப் புதினங்களுள் ஒருவகை, புகழ்பெற்ற எழுத்தாளரையே கதைமாந்தராக்குகிறது. பிற்காலத்தில் எழுத்தாளராகும் சிறுவனோ சிறுமியோ தம் ஊரில் நிகழ்ந்த குற்றத்தைத் துப்பறிவதாகக் கதை அமையும். மெய்ம்மாந்தரைக் கற்பனைக் குற்றத்துள் நிறுத்துவதால், புனைவையே வரலாறு என இளம் வாசகர் மயங்கக்கூடும் என்னும் தடை எழுகிறது. சிறந்த ஆக்கங்கள் இத்தடையை எதிர்கொள்ளும் முறையையும், பென்னாகரம் வட்டாரத்தை முன்வைத்துத் தமிழில் இவ்வகை அமையத்தக்க நெறியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

படைத்தலும் கண்டறிதலும்

துப்பறிபவர் நடந்ததைத் தடயங்களால் மீட்கிறார். எழுத்தாளர் நடவாததையும் நடந்ததுபோல் படைக்கிறார். இவ்விரண்டும் மோதுவதே இவ்வகையின் உயிர்நிலை.

விக்டோரியா பாண்டும் டி.ஆர். சைமனும் இணைந்து எழுதிய ‘ஜோரா அண்ட் மீ’ (2010), ஜோரா நீல் ஹர்ஸ்டனின் இளமையைப் புனைகிறது. களம், 1887இல் கறுப்பின மக்கள் தமக்கென நிறுவிய ஈட்டன்வில் நகரம். ஹர்ஸ்டன் பின்னாளில் ‘மியூல்ஸ் அண்ட் மென்’ (1935) என்னும் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பை வெளியிட்டவர். புதினத்தில் சிறுமி ஜோரா, தனித்து வாழும் முதியவர் ஒருவரை முதலையாக உருமாறுபவர் எனக் கதை கட்டுகிறாள். ஒரு கொலைக்கும் அவரையே காரணமாகக் கருதுகிறாள். உண்மையோ நிறப்பாகுபாட்டின்பால் இட்டுச்செல்கிறது. கதைகட்டும் ஆற்றல் குற்றமற்றவர்மீது பழியாகவும் விழும் என்பதை அச்சிறுமி உணர்கிறாள்.

ஏவி எழுதிய ‘தி மேன் ஹூ வாஸ் போ’ (1989) வேறோர் அமைப்புடையது. 1848இல் பிராவிடன்ஸ் நகரில் தங்கையைத் தேடும் சிறுவனுக்கு எட்கர் ஆலன் போ துணைபுரிகிறார். தாம் 1841இல் அறிமுகப்படுத்திய துப்பறிவாளரான துபானின் பெயரையே அவர் சூடிக்கொள்கிறார். ஆயினும் அவருடைய கதைமனம் சாவை முடிவாக வேண்டுகிறது. சிறுவனோ தங்கையை உயிருடன் மீட்க விழைகிறான். எழுத்தாளரின் முடிவை எதிர்த்துக் குழந்தை நிற்கும் அமைப்பு இது.

சான்றின் எல்லை

இப்புனைவுகளில் இடம்பெறுவனவற்றை மூன்றாகப் பகுக்கலாம்: சான்றுள்ளவை, சான்றோடு முரணாதவை, சான்றுக்கு மாறானவை. முதலிரண்டும் ஏற்புடையன, மூன்றாவது விலக்கத்தக்கது. ஜி. நேரியின் ‘ட்ரூ அண்ட் நெல்’ (2016), ட்ரூமன் கபோட்டியையும் ஹார்ப்பர் லீயையும் சிறார் துப்பறிவாளராக்குகிறது. இருவரும் இளமையில் மன்ரோவில் ஊரில் அண்டை வீட்டார் என்பதும், 1959இல் கன்சாஸ் கொலைவழக்கு குறித்த செய்திகளை உடன்சென்று திரட்டினர் என்பதும் சான்றுள்ளவை. அவ்விரு முனைகளுக்கிடையே கற்பனை முரணின்றி இயங்குகிறது.

பாப்பாரப்பட்டி: ஒரு பொருத்திப்பார்ப்பு

பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்தவர் சுப்பிரமணிய சிவா. ‘ஞானபானு’ இதழை நடத்தியவர். தம் சிறை அனுபவங்களை எழுதியவர். அவர் 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தவர் ஆதலின், சிறுவன் சிவாவைப் பாப்பாரப்பட்டியில் துப்பறியவிடுவது மூன்றாம் வகைப் பிழையாகும். இங்குப் பொருந்துவது ஏவியின் அமைப்பு: எழுத்தாளர் முதிர்ந்தவர், துப்பறிவது உள்ளூர்க் குழந்தை.

1908இல் சிறைப்பட்ட சிவா அங்குத் தொழுநோய்க்கு ஆளானார். நோயைக் காட்டி அவருடைய தொடர்வண்டிப் பயணத்தைப் பின்னர் அரசு தடுத்தது. பாரதமாதா ஆலயத்திற்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்டினார். இவை மாற்றலாகாத சான்றுகள். ஊரில் ஒரு பொருள் காணாமற்போக, நோயுற்ற புதியவர்மீது ஐயம் படர்வதாகப் புனையலாம். இவர் ஏன் தொடர்வண்டியில் வரவில்லை, இப்புண்கள் எங்கு வந்தன எனக் குழந்தை வினவத் தொடங்கினால், விடை களவுபோன பொருளோடு நில்லாது சிறைக்கூடத்தைச் சென்றடையும்.

முடிவுரை

எழுத்தாளரைத் துப்பறிவாளராக்குவது அவர் புகழைக் கடன்பெறும் உத்தியாக மட்டும் நின்றால் பயன் சிறிது. கதை எங்கு முடிகிறது, சான்று எங்குத் தொடங்குகிறது என்று வினவும் பழக்கத்தை வாசகரிடம் வளர்க்கும்போதே இவ்வகை பொருளுடையதாகிறது. புனைந்தது இது, நிகழ்ந்தது இது எனப் பகுத்துரைக்கும் பின்னுரை ஒன்று அத்தகைய நூலின் இன்றியமையா உறுப்பாதல் வேண்டும்.