'உண்மையைத்தானே சொன்னோம்!' - அவதூறு வழக்கில் டிவி சேனலை இந்த வாதம் காப்பாற்றுமா?

ஆரணியில் ஒரு பட்டுக்கடை. அங்கே விசைத்தறிச் சேலையை 'கைத்தறி' என்று சொல்லி விற்கிறார்கள் என, கடையின் பெயரோடு ஒரு டிவி சேனல் செய்தி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரம் படுத்துவிடுகிறது. கடைக்காரர் கோர்ட்டுக்குப் போகிறார். "உண்மையைத்தானே சொன்னோம்" என்று சேனல் சொன்னால் போதுமா? அது என்ன வழக்கு என்பதைப் பொறுத்தது.

நஷ்டஈடு கேட்டால்?

சிவில் வழக்கில் உண்மைதான் முழுக் கவசம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது சேனல். சேலை வாங்கிய பில், அது விசைத்தறியில் நெய்தது என்பதற்கான நிபுணர் அறிக்கை, சாட்சிகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். "ஊரே பேசுது", "ஒரு நெசவாளர் சொன்னதைத்தான் போட்டோம்" என்பதெல்லாம் எடுபடாது. அடுத்தவர் சொன்ன குற்றச்சாட்டை ஒளிபரப்பினாலும் அதற்குச் சேனலும் பொறுப்புதான். சேலையின் விலை போன்ற சின்ன விவரம் பிசகினால் பரவாயில்லை. குற்றச்சாட்டின் சாரம் உண்மையாக இருக்க வேண்டும்.

கிரிமினல் வழக்கு என்றால்?

இங்கே உண்மை மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுப்படி, அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்பதையும் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஏமாறுகிறார் என்பது பொதுநலன். கடைக்காரர் வீட்டுச் சண்டை உண்மையாகவே இருந்தாலும், அதில் ஊருக்கு என்ன நலன்? தண்டனை 2 ஆண்டு வரை சிறை. பழைய ஐபிசி 499, 500 பிரிவுகளிலும் இதே விதிதான். அவை செல்லும் என்று 2016-ல் சுப்ரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படம் மாறினால்?

2008-ல் வருங்கால வைப்பு நிதி மோசடி பற்றிய செய்தியில், வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி.சாவந்த்தின் படத்தைக் காட்டிவிட்டது டைம்ஸ் நவ். சில விநாடிகள்தான். பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் 2011-ல் புனே நீதிமன்றம் விதித்த நஷ்டஈடு 100 கோடி ரூபாய்! மோசடி செய்தி உண்மையா என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. காட்டிய ஆள் வேறு.

அரசு அதிகாரி பற்றிய செய்தி என்றால்?

ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் தொடுத்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சலுகை தந்தது. அதிகாரியின் அரசுப்பணி பற்றிய செய்தி தவறாகவே போனாலும், நியாயமாக விசாரித்துவிட்டுத்தான் வெளியிட்டோம் என்று காட்டினால் நஷ்டஈடு கிடையாது. பட்டுக்கடைக்காரர் விஷயத்தில் இந்தச் சலுகை பொருந்தாது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

செய்தி வெளியான நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். வீடியோவை நீக்கிவிடலாம் என்பதால் முதல் வேலையாக அதைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.