இரண்டு யுத்தம், ஒரு கேப்டன்

1905-06-ல் பிரிட்டன், பிரான்ஸ், வட அமெரிக்கா என்று சுற்றிவந்த நியூசிலாந்து ரக்பி அணி 35 ஆட்டங்களில் 34-ஐ ஜெயித்தது. எடுத்த புள்ளிகள் 976, கொடுத்தவை வெறும் 59. கார்டிஃபில் வேல்ஸிடம் 0-3 என்று தோற்றது ஒன்றுதான் கறை. 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பயணத்தில்தான். கேப்டன், டேவ் கல்லஹர்.

அயர்லாந்தின் ராமெல்டனில் 1873-ல் பிறந்தவர். ஐந்து வயது நிறையுமுன் குடும்பம் நியூசிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. ஆடுகளத்தில் அவர் செய்த வேலை விசித்திரமானது. இரு அணிகளின் முன்வரிசை வீரர்களும் தோள்கோத்து முட்டும் ஸ்க்ரம்முக்குள் பந்தை உருட்டிவிட்டு அதன் ஓரத்திலேயே நிற்பார். பந்து பின்பக்கம் வந்து தன் அணியின் ஹாஃப்-பேக் ஆட்டக்காரர் கைக்குப் போகும்வரை, பாய்ந்து வரும் எதிராளிக்கு அவர் உடம்புதான் சுவர். 'இது ஏமாற்று வேலை' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. நடுவர்கள் விசில் ஊதினார்கள். மனிதர் அசரவில்லை. ஊர் திரும்பும் முன்பே சக வீரர் பில்லி ஸ்டெட்டுடன் சேர்ந்து, ரக்பி ஆடுவது எப்படி என்று ஒரு தடித்த புத்தகமே எழுதிவிட்டார்.

அந்தப் பயணத்துக்கு முன்பே ஒரு போரைப் பார்த்தவர் அவர். 1901-ல் தென்னாப்பிரிக்காவின் போயர் யுத்தத்துக்குப் பெயர் கொடுத்தபோது பிறந்த ஆண்டை 1876 என்று மாற்றிச் சொன்னார். மூன்று வயது குறைந்தது.

முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், மறுபடியும் படையில் சேர்ந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் மனைவி, சின்னப் பெண். தம்பி டக்ளஸ் பிரான்ஸில் பலியானதால் பழிவாங்கப் புறப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் தம்பி இறந்தது ஜூன் 3. அண்ணன் கையெழுத்துப் போட்டது மே மாதம்.

பிறகு எதற்குப் போனார்? என்னை உறுத்துவது அந்தக் காலத்துக் காற்று. 1915-ல் பிரிட்டனில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள்: ரக்பி ஆட்டக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்களாம், மற்ற விளையாட்டு வீரர்களே, நீங்கள் எப்போது என்று. மைதானத்தில் கைதட்டு வாங்கியவனைக் காட்டி, கைதட்டிய பையன்களைப் பிடிக்கிற தந்திரம் இது. மனமுவந்து போனவரை இதில் ஏன் இழுக்கிறாய் என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு கேப்டன் கிளம்பினால் பின்னால் எத்தனை பேர் கிளம்புவார்கள் என்று ஆள் சேர்ப்பவர்களுக்குத் தெரியாதா?

பெல்ஜியத்தில் பாஷன்டேல் போர். 1917 அக்டோபர் 4-ம் தேதித் தாக்குதலில் தலையில் குண்டுச்சில் பாய்ந்து, அன்றே சார்ஜென்ட் கல்லஹர் இறந்தார். ராணுவக் கணக்கில் அது வெற்றி நாள். எட்டே நாளில் அதே சேற்றில் நியூசிலாந்துக்காரர்கள் 800-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

போப்பரிங்க ஊர் அருகே நைன் எல்ம்ஸ் கல்லறையில் அவரைப் புதைத்தார்கள். கல்லில் வயது 41 என்று இருக்கிறது, உண்மையில் 43. 2000-லிருந்து நியூசிலாந்தும் பிரான்ஸும் அவர் பெயரில் ஒரு கோப்பைக்கு மோதுகின்றன. அதற்கும் 'யுத்தம்', 'படையெடுப்பு', 'பீரங்கி' என்றுதான் தலைப்பு வைக்கிறோம், எங்கள் பத்திரிகைக்காரர்கள் உட்பட.