நாய்கள் குச்சி மெல்லுவதால் விளையும் தீங்குகள்

நாய்கள் குச்சி மெல்லுதல் என்பது குட்டிகளிடமும் வளர்ந்த நாய்களிடமும் பரவலாகக் காணப்படும் இயல்பான பழக்கம் ஆகும். பார்ப்பதற்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் வாய், தொண்டை, உணவுக்குழாய், குடல் ஆகிய உறுப்புகளில் கடுமையான காயங்களை இது ஏற்படுத்தக்கூடும். இக்காயங்கள் பெரும்பாலும் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். குச்சி குத்திய அன்று நலமாக இருப்பதுபோல் தோன்றிய நாய்க்குச் சில வாரங்கள் கழித்துக் கழுத்தில் சீழ்க்கட்டி வருவது உண்டு. எனவே குச்சியால் நேரும் தீங்கைப் பற்றி நாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்திருத்தல் நல்லது.

மெல்லுவதற்கான காரணங்கள்

நாய்க்குக் கை இல்லை; ஒரு பொருளை அறிந்துகொள்ள அது வாயையே பயன்படுத்துகிறது. குட்டி நாய்க்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறத்தாழ நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை அவை விழுந்து, 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறுகளில் உறுத்தல் ஏற்படுவதால், குட்டி கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். வளர்ந்த நாய்கள் பொழுதுபோக்காகவும், தனிமையில் விடப்படும்போதும், போதிய ஓட்டமும் விளையாட்டும் இல்லாதபோதும் மெல்லுகின்றன. ஆகவே மெல்லுவதைக் குற்றமாகக் கருதி நாயை அடிப்பது பயன் தராது. மெல்லும் பொருளை மாற்றுவதே முறை.

பல்லும் மரமும்

நாயின் வாயில் வெட்டும் பற்கள், கோரைப் பற்கள், முன்கடைவாய்ப் பற்கள், பின்கடைவாய்ப் பற்கள் என நான்கு வகைப் பற்கள் உள்ளன. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல உரசிச் செல்லும். இவை இறைச்சியை வெட்டுவதற்கு ஏற்றவை. மாட்டின் பற்களைப் போல நாரை அரைத்துக் கூழாக்க வல்லவை அல்ல.

மரமோ நீளவாக்கில் அமைந்த நார்களால் ஆனது. அதைக் கடித்தால் பொடியாவதில்லை. நீளவாக்கில் பிளந்து கூரிய சிம்புகளாகிறது. மூங்கில் பிளந்தால் அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். இறைச்சியை வெட்டும் பல்லும் சிம்பாகப் பிளக்கும் மரமும் ஒன்று சேர்வதே இத்தீங்குகளின் அடிப்படை.

தீங்கு விளையும் வழிகள்

முதலாவது, பல்லிடுக்கில் சிக்குதல். குச்சித் துண்டு ஒன்று மேல்வாயின் இருபுறக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே அண்ணத்தின் குறுக்காகச் சிக்கிக்கொள்ளலாம். நாய் முன்காலால் வாயைப் பிராண்டும், எச்சில் ஒழுகும். சில நாய்கள் இரண்டொரு நாளில் அதற்குப் பழகிவிடுகின்றன. பின்னர் அவ்விடம் புண்ணாகி வாயில் துர்நாற்றம் வீசும்போதுதான் வீட்டாருக்குத் தெரியவருகிறது.

இரண்டாவது, குத்துக்காயம். சிம்போ குச்சியின் முனையோ நாக்கின் அடிப்பகுதி, மென்மையான பின்னண்ணம், தொண்டைச் சுவர் ஆகியவற்றைத் துளைக்கலாம். இவற்றுள் உணவுக்குழாய் கிழிவது மிகவும் ஆபத்தானது. உணவும் எச்சிலும் கிருமிகளும் கழுத்துத் தசைகளுக்கும் நெஞ்சறைக்கும் கசிந்து உயிருக்கே கேடாகலாம்.

மூன்றாவது, விழுங்குதல். நாயின் வயிற்றில் மரம் செரிப்பதில்லை. சிறு துணுக்குகள் பெரும்பாலும் மலத்துடன் வெளியேறிவிடும். நீளமான அல்லது கூரிய துண்டு குடலை அடைக்கலாம், துளைக்கவும் செய்யலாம். குடல் துளைபட்டால் வயிற்றறை முழுவதும் அழற்சி பரவும். உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும்.

நான்காவது, நச்சு. எல்லா மரக்குச்சியும் ஒன்றல்ல. வீட்டு முற்றங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் அரளி, மஞ்சள் அரளி ஆகியவற்றின் எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு உள்ளது. கள்ளி, எருக்கு ஆகியவற்றின் பால் வாயையும் கண்ணையும் எரிக்கும். இவற்றை வெட்டிய கிளைகளை நாய் நடமாடும் இடத்தில் போட்டுவைக்கக் கூடாது.

எறியப்படும் குச்சி

படுத்துக்கொண்டு மெல்லும் நாயைவிட, எறிந்த குச்சியைத் துரத்தி ஓடும் நாய்க்கு நேரும் காயம் கொடியது. எறிந்த குச்சி சில வேளைகளில் ஒரு முனை மண்ணில் ஊன்றி, மறுமுனை மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். முழு வேகத்தில் வாயைத் திறந்தபடி பாய்ந்து வரும் நாய் அதன்மேல் விழுந்தால், நாயின் சொந்த எடையும் வேகமுமே குச்சியைத் தொண்டைக்குள் செலுத்திவிடும். குச்சியை வாயில் கவ்வியபடி ஓடும்போது அதன் முனை தரையிலோ மரத்திலோ முட்டினாலும் இதே நிலைதான். இதனாலேயே கால்நடை மருத்துவர்கள் குச்சியை எறிந்து விளையாட வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றனர்.

காலம் கடந்து வெளிப்படும் காயம்

குத்திய கணத்தில் நாய் வீறிட்டுக் கத்தும். குச்சி தானே வெளியே விழுந்துவிடும். இரத்தமும் சிறிதே வரும். சற்று நேரத்தில் நாய் வாலை ஆட்டும். வீட்டார் நிம்மதி அடைவர். ஆனால் உள்ளே ஒடிந்த சிம்பு ஒன்று தங்கியிருக்கலாம். அதனுடன் மண்ணும் வாயிலுள்ள கிருமிகளும் சென்றிருக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கழுத்து அல்லது தாடையின் கீழ் வீக்கம் தோன்றும். மருந்து கொடுத்தால் வற்றும். மருந்தை நிறுத்தினால் மீண்டும் வரும். தோலில் சிறு துளை உண்டாகிச் சீழ் வடிந்துகொண்டே இருப்பதும் உண்டு. உள்ளிருக்கும் சிம்பை எடுக்கும்வரை இது முழுமையாக ஆறாது.

அச்சிம்பைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. மரத்தின் அடர்த்தி தசையின் அடர்த்திக்கு நெருக்கமானது என்பதால், எக்ஸ்-ரே படத்தில் எலும்பும் உலோகமும் தெரிவதுபோல் அது தெளிவாகத் தெரிவதில்லை. தோலுக்கடியில் புகுந்த காற்று போன்ற மறைமுக அடையாளங்களையே மருத்துவர் தேட வேண்டியிருக்கும். ஸ்கேன் பரிசோதனையும், நாயை மயக்கத்தில் ஆழ்த்தித் தொண்டையை நேரில் பார்ப்பதும் தேவைப்படலாம். எனவே, "முன்பு ஒருநாள் குச்சி கடிக்கும்போது கத்தியது" என்று வீட்டார் நினைவுகூர்ந்து சொல்லும் ஒரு செய்தி மருத்துவருக்குப் பேருதவியாக அமையும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• முன்காலால் வாயைப் பிராண்டுதல், முகத்தைத் தரையில் தேய்த்தல்
• எச்சில் ஒழுகுதல், எச்சிலில் இரத்தம் கலந்திருத்தல், வாய் துர்நாற்றம்
• பசி இருந்தும் உண்ணத் தயங்குதல், விழுங்கும்போது கழுத்தை நீட்டுதல்
• கழுத்து வீக்கம், தொட்டால் வலியால் விலகுதல், தோலுக்கடியில் நொறுநொறுப்பு
• தொடர் வாந்தி, வயிற்று வலி, மலம் கழிக்காமை, சோர்வு, காய்ச்சல்
• மூச்சுத் திணறல், ஈறும் நாக்கும் நீலமாதல் (இது மிக அவசர நிலை)

வாயில் கைவிடும் முன்

நம் நாட்டில் இதை மறக்கலாகாது. எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, தாடை தொங்குதல் ஆகியவை தொண்டையில் ஏதோ சிக்கியதற்கான அறிகுறிகளாகத் தோன்றும். வெறிநோயின் (ரேபிஸ்) முடக்கு வகையிலும் இதே அறிகுறிகள் காணப்படும். "பாவம், எலும்போ குச்சியோ மாட்டிக்கொண்டது" என்று இரக்கப்பட்டு வெறுங்கையை வாய்க்குள் விடுபவர் பேராபத்துக்கு ஆளாகலாம். வெறிநோய்க் கிருமி எச்சிலில் உள்ளது. கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் அது உடலில் புகும். நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது மிக மிக அரிது.

ஆகவே தெரு நாயாயினும், தடுப்பூசி போடப்படாத வீட்டு நாயாயினும், காரணம் தெரியாமல் எச்சில் ஒழுகினால் வாயைத் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிறுவர்கள் எந்த நாயின் வாயிலும் கைவிடலாகாது. பெரியவர்களை அழைக்க வேண்டும். எச்சில் காயத்தில் பட்டாலோ பல் பட்டாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

முதலுதவி

தடுப்பூசி போடப்பட்ட வளர்ப்பு நாய், அமைதியாக வாயைத் திறக்க விடுமானால், பற்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் துண்டை மெதுவாக எடுக்கலாம். தசைக்குள் குத்தி நிற்கும் குச்சியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிடுங்கக் கூடாது. அது இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். பிடுங்கினால் இரத்தம் பீறிடும், சிம்பும் உள்ளே ஒடிந்து தங்கும். நாயை அசையாமல் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு கொடுக்க வேண்டாம். கூரிய துண்டை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. போன வழியே திரும்பி வரும்போது மீண்டும் கிழிக்கும். பாராசிட்டமால், இபுபுரூஃபென் போன்ற மனிதருக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம், அவற்றைக் கொடுக்கலாகாது. ஒடிந்த குச்சியின் மீதியைக் கையோடு எடுத்துச் சென்றால், எவ்வளவு உள்ளே இருக்கக்கூடும் என்பதை மருத்துவர் கணிக்க உதவும்.

தடுக்கும் வழிகள்

முற்றத்தை நாயின் உயரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். ஈர்க்குமாறு, மூங்கில் தட்டி, விறகுக் கட்டு, சீமைக் கருவேல முள், குழந்தைகள் தின்றுவிட்டு எறிந்த ஐஸ் குச்சி ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். இனிப்பு ஒட்டியிருப்பதால் ஐஸ் குச்சியை நாய் முழுதாகவே விழுங்கிவிடும்.

எறிந்து விளையாடப் பந்து ஏற்றது. அது வாய்க்குள் முழுதாகப் புகாத அளவில் இருக்க வேண்டும். மெல்லுவதற்கு நாய்களுக்கென விற்கப்படும் கெட்டியான ரப்பர் பொருள்கள் உள்ளன. பல் முளைக்கும் குட்டிக்கு நனைத்துக் குளிரவைத்த துணியை நம் கண்முன் கொடுக்கலாம். சமைத்த கோழி எலும்பு குச்சிக்கு மாற்று ஆகாது. அதுவும் சிம்பாக உடையும். நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத அளவுக்குக் கடினமான பொருள் பல்லையே உடைக்கும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

குச்சியைக் கவ்விய நாயைத் துரத்தினால், அது விளையாட்டென்று எண்ணி ஓடும் அல்லது அவசரமாக விழுங்கும். அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் காட்டி, "விடு" என்ற சொல்லைப் பழக்கி, வாங்கிக்கொள்வதே சிறந்தது. குட்டியிலேயே பழக்கினால் எளிதில் படியும்.

குச்சி கடித்த ஒவ்வொரு நாயும் காயம் படுவதில்லை. பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் கடித்தும் நலமாக இருப்பதுண்டு. ஆயினும் குத்தியபின் காயத்தின் ஆழத்தை நாயால் சொல்ல முடியாது. குச்சியோடு இருக்கும்போது நாய் ஒருமுறை கத்தினாலும், அந்த நாளைக் குறித்து வைத்து, அடுத்த சில வாரங்கள் அதன் வாயையும் கழுத்தையும் பசியையும் கவனித்து வருவது வளர்ப்பவரின் கடமையாகும்.