மலைவழியும் மோட்டார் அளவுமானிகளும்

நோய் முற்றிய பின் மருந்து தேடுதலினும் அதன் முதற்குறியை உணர்ந்து காத்துக்கொள்ளுதல் சிறந்தது. மனித உடலுக்குரிய இவ்வுண்மை இயந்திரத்துக்கும் பொருந்தும். இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களிடையே இன்றும் ஓடிவரும் பழைய மோட்டார் வண்டிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அவற்றுள் யாவரும் அறிந்தது மொறிஸ் மைனர். 1948 இல் இங்கிலாந்தில் தோன்றிய இவ்வண்டியின் உற்பத்தி 1971 இல் முடிவுற்றது. 1956 இல் வெளிவந்த மைனர் 1000 என்னும் வகையின் முகப்பில் வேகமானியும் எரிபொருள்மானியும் மட்டுமே உள. எண்ணெய் அமுக்கத்துக்கும் மின்னேற்றத்துக்கும் எச்சரிக்கை விளக்குகளே உண்டு. நீரின் வெப்பத்தைக் காட்டும் கருவி எதுவுமில்லை. விளக்கு, தீங்கு நேர்ந்த பின்னரே எரிவது; மானியின் முள்ளோ தீங்கு நெருங்குவதையே காட்டுவது. வேறுபாடு இதுவே.

சமவெளியில் இக்குறை பெரிதன்று. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு ஏறும் வண்டி ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தை அடைகின்றது. தலவாக்கலை, நானுஓயா கடந்து நுவரெலியாவை அடையும்போது உயரம் 1,868 மீற்றர். உயரம் மிக வளியமுக்கம் குறையும்; அதனோடு நீரின் கொதிநிலையும் தாழும். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர் அட்டனில் 96 பாகையளவிலும் நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் றேடியேற்றர் மூடி கொதிநிலையை 105 பாகைக்கு மேல் உயர்த்தும். ஆயின் மூடியின் இறப்பர் பழுதுற்றால் அக்காப்பு முழுவதும் அகன்றுவிடும். இயந்திரம் மிக உழைக்கும் ஏற்றத்திலேயே நீர் எளிதிற் கொதிக்கின்றது என்பது கருதத்தக்கது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி இடைவழியில் நின்றுவிடுமாயின் விளையும் துன்பம் சொல்லுந் தரத்ததன்று.

ஆகவே வெப்பமானியைப் புதிதாகப் பொருத்துவோர் பலர். அதன் அமைப்பு எளியது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் திருகப்படும் பித்தளை உணரியின் தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். சாவியாளியிலிருந்து வரும் மின்னோட்டம் மானி வழியாக உணரியை அடைந்து, இயந்திர உடல் வழியாகப் பற்றறிக்கு மீளும். தடை குறைய மின்னோட்டம் மிகும், முள் உயரும்.

பெருந்தவறு நேர்வதும் இங்கேதான். நீர் கசியாதிருக்க உணரியின் புரியில் நாடாவைத் தடிப்பாகச் சுற்றுவர். புரிக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள தொடர்பு கெடும். வேண்டாத தடை சேரும். முள் உண்மையிற் குறைவான வெப்பத்தைக் காட்டும். இயந்திரத்தையும் உடற்சட்டத்தையும் இணைக்கும் பின்னற்கம்பி துருப்பிடித்தாலும் விளைவு இதுவே. மானியில்லாத சாரதி அஞ்சி நிறுத்துவான்; பொய்யுரைக்கும் மானியை நம்பியவன் மேலும் செலுத்துவான்.

இரண்டாவதாக நோக்கற்பாலது புவித்தொடுப்பு. இக்கால வண்டிகளில் பற்றறியின் எதிர்முனை உடற்சட்டத்தோடு இணைக்கப்படும்; பழைய மைனரில் நேர்முனையே இணைக்கப்பட்டுள்ளது. இதனை அறியாது இக்கால இலத்திரனியல் மானியைப் பூட்டினால் அது பழுதுறலாம். நுண்குழாய் வழியாக வெப்பத்தையும் எண்ணெய் அமுக்கத்தையும் காட்டும் பொறிமுறை மானிகளுக்கு இவ்விடர் இல்லை. அவற்றின் விளக்குக்கு மட்டுமே மின் வேண்டும்.

மின்னேற்றத்தை அறிய அம்பியர்மானியினும் உவோல்ற்றுமானியே ஏற்றது. அம்பியர்மானி தொடராக இணைக்கப்படுவதால் தைனமோவின் 20 அம்பியரளவான ஓட்டம் முழுவதும் முகப்பினூடே செல்லவேண்டும். அக்கம்பி தகட்டில் உராய்ந்தால் தீப்பற்றும். உவோல்ற்றுமானியோ சமாந்தரமாக இணைக்கப்பட்டு மிகச் சிறிய ஓட்டத்தையே கொள்ளும். இயந்திரம் ஓயும்போது 12.6 அளவும், விரைந்து ஓடும்போது 14 அளவும் காட்டுதல் நலம். எதுவாயினும் வேலை தொடங்குமுன் பற்றறியைக் கழற்றுதலும், மின் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே உருகி வைத்தலும், தகட்டுத் துளைகளில் இறப்பர் வளையம் இடுதலும் வேண்டும்.

இறுதியாக, பூட்டிய மானியைச் சோதித்தல் வேண்டும். உணரியின் உடலைக் கம்பியால் இயந்திரத்தோடு இணைத்து, அதன் நுனியைக் கொதிநீரில் இடுக. நுவரெலியாவில் முள் 94 பாகையளவில் நின்றால் மானி செம்மையானது. அங்கு 100 பாகையை எதிர்பார்த்து முள்ளைத் திருத்த முற்படுவோன் செம்மையான கருவியைப் பிழையாக்குவான். கம்பியை இணைக்கும் கை மட்டும் போதாது. தான் நிற்கும் மலையின் உயரத்தை அறிந்த அறிவும் வேண்டும்.