வீட்டிலிருந்தே கல்லூரி நூலகம்: பிராக்ஸி செர்வர் செய்யும் வேலை

தில்லியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறவன் என்பதால், நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பெண் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். கல்லூரியில் திறக்கிற கட்டுரை வீட்டில் திறக்க மாட்டேன் என்கிறது. முப்பது டாலர் கட்டச் சொல்கிறது. கட்டிவிடலாமா?"

கட்ட வேண்டாம். கல்லூரியில் அது திறக்கிறது என்றால், அதற்கான சந்தாவைக் கல்லூரியோ அரசாங்கமோ ஏற்கெனவே செலுத்தியாகிவிட்டது என்று பொருள். பிறகு வீட்டில் ஏன் மறுக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முன்பெல்லாம் ஆராய்ச்சி இதழ்கள் தபாலில் வரும். பைண்டு செய்து அலமாரியில் அடுக்குவோம். இன்று பெரும்பாலானவை பதிப்பாளரின் கணிப்பொறியிலேயே இருக்கின்றன. சந்தா கட்டிய கல்லூரியின் மாணவர் யார், வழிப்போக்கர் யார் என்று அந்தக் கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்து அல்ல, எண்ணைப் பார்த்து. இணையத்தில் நுழையும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. எண் என்று ஒன்று உண்டு. ஒப்பந்தம் போடும்போதே எங்கள் வளாகத்தின் ஐ.பி. எண்களைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிடுவோம். அந்த எண்களிலிருந்து வருகிறவர்களைப் பெயர்கூடக் கேட்காமல் உள்ளே விட்டுவிடுவார்கள். அதனால்தான் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் இதெல்லாம் இலவசம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

அதே மாணவி மாலையில் மயூர் விஹார் வீட்டுக்கு வந்து கணிப்பொறியைத் திறக்கிறாள். இப்போது அவளுக்கு இருப்பது தொலைபேசி நிறுவனம் கொடுத்த எண். மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலி போனாலும் இதே கதைதான். பதிப்பாளருக்கு அவள் அந்நியர்; விலைச்சீட்டை நீட்டுகிறார்.

இங்கேதான் பிராக்ஸி செர்வர் வருகிறது. கல்லூரியில் படித்தவர்களுக்கு 'பிராக்ஸி கொடுப்பது' என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வராத நண்பனுக்காக 'எஸ் சார்' சொல்வது. அங்கே அது திருட்டு வேலை. இங்கே அதையே முறைப்படி, நிர்வாகத்தின் சம்மதத்தோடு ஒரு கணிப்பொறி செய்கிறது. மாணவி முதலில் நூலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போய் உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறாள். அவற்றைச் சரிபார்த்த பிறகு, பிராக்ஸி தானே பதிப்பாளரிடம் போய்க் கட்டுரையைக் கேட்கிறது. அதனுடைய எண் கல்லூரியின் எண். எனவே மறுப்பு இல்லை. வந்த பக்கத்தை மாணவியிடம் கொடுக்குமுன் அதிலுள்ள இணைப்புகளையெல்லாம் திருத்தி, அடுத்த சொடுக்கும் தன் வழியாகவே வரும்படி செய்துவிடுகிறது.

இந்தத் திருத்தும் வேலைக்கென்றே உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் மென்பொருள் 'ஈஸிபிராக்ஸி'. இதை 1999-இல் உருவாக்கியவர் கிறிஸ் ஜாகர் என்ற அமெரிக்க நூலகர். அரிசோனாவில் ஒரு சிறிய கல்லூரியில் வேலை பார்த்தவர். ஒரு கணிப்பொறி நிறுவனத்துக்குத் தோன்றாதது ஒரு நூலகருக்குத் தோன்றியது என்பதில் என் போன்றோருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2008-இல் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு அதை வாங்கிக்கொண்டது.

பிராக்ஸி வழியாகப் போகிறோமா என்று கண்டுபிடிப்பது எளிது. திரையின் மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். பதிப்பாளர் பெயரின் வாலில் கல்லூரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். கூகுளில் தேடி நேரே பதிப்பாளரின் பக்கத்தில் போய் இறங்கினால் அந்த வால் இருக்காது; பணம் கேட்கும். பத்துக்கு எட்டுப் பேர் என்னிடம் கொண்டுவரும் புகாருக்குக் காரணம் இவ்வளவுதான். இன்னொன்று, நூலகம் பட்டியலிட்ட தளங்களுக்கு மட்டுமே இந்தப் பாதை. வங்கிக் கணக்கைப் பார்ப்பதெல்லாம் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

எல்லாக் கல்லூரிகளிலும் பிராக்ஸி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற வேறொரு முறையை நடத்துகிறது. அதில் இணைந்த கல்வி நிலையத்தின் மாணவர், பதிப்பாளரின் பக்கத்திலேயே தன் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழையலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதிகள் காலியானபோது, இந்த இரண்டில் ஒன்றாவது இருந்த கல்லூரிகளின் ஆராய்ச்சி மாணவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

இப்போது இதன் முக்கியத்துவம் இன்னும் கூடியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025 ஜனவரி முதல் அரசு நடத்தும் உயர்கல்வி நிலையங்களுக்கு இது கிடைக்கிறது. தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. இத்தனை கோடி செலவழித்தும், வீட்டிலிருந்து எப்படி நுழைவது என்பதை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லித்தராத கல்லூரிகள் உண்டு. பிள்ளை புதிதாகச் சேர்ந்திருந்தால், நூலகரிடம் போய் இதைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை மகனுக்குக் கட்டுரை வேண்டுமென்றால் கடவுச்சொல்லையே கொடுத்துவிடுவது. நல்ல மனசுதான். ஆனால் பதிப்பாளருக்குத் தெரிவது பிராக்ஸியின் ஓர் எண் மட்டுமே. யாரோ ஒருவர் நூற்றுக்கணக்கில் இறக்கினால், அவர் அந்த எண்ணையே அடைத்துவிடுவார். கல்லூரி முழுவதும் வெளியே நிற்கும். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாக இணைப்பிலிருந்து ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் ஜேஸ்டோர் தரவுத்தளத்தின் கட்டுரைகளைப் பெருமளவில் இறக்கினார். ஜேஸ்டோர் சில நாட்கள் எம்.ஐ.டி. முழுவதற்குமே கதவை மூடியது. அறிவுக்கு விலை வைக்கக் கூடாது என்ற அவருடைய கொள்கையில் எனக்கும் அனுதாபம் உண்டு. ஆனாலும் அந்த நாட்களில் ஆய்வு தடைப்பட்டு நின்றவர்கள் மற்ற மாணவர்கள்தாம்.

இணையத்தில் 'இலவச பிராக்ஸி' என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். அவர்களுடைய எண் எந்தக் கல்லூரியின் எண்ணும் அல்ல. எனவே கட்டுரையும் திறக்காது, உங்கள் கடவுச்சொல்லும் போய்விடக்கூடும்.

படிப்பு முடிந்ததும் பொதுவாக இந்த வசதியும் நின்றுவிடும். வேண்டிய கட்டுரைகளை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மாணவர் அல்லாத நம் போன்றவர்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா'வில் கடவுச்சொல் இல்லாமலே கிடைக்கின்றன. தமிழ் இலக்கிய ஆய்வேடுகளும் அங்கே நிறைய உண்டு. கல்லூரி சந்தா கட்டாத இதழ் தேவைப்பட்டால், நூலகரிடம் 'டெல்நெட்' வழியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். 1988-இல் தில்லி நூலகங்களுக்காகத் தொடங்கிய இந்த அமைப்பு, உறுப்பு நூலகங்களுக்கிடையே நூல்களையும் கட்டுரைப் பிரதிகளையும் பரிமாறிக்கொள்ள உதவுகிறது. கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால் நூலகரே கேட்டு வாங்கிக் கொடுப்பார்.