ஆண்டு 1 ஆசிரியருக்கு இயற்கணிதம் எதற்கு?

மாணவர்களே, முதலில் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள்.

8 + 4 = □ + 5

பெட்டிக்குள் என்ன எண் வரும்?

7 என்றால் சரி. இடப்பக்கம் 12. வலப்பக்கமும் 12 ஆக வேண்டுமானால், 5-உடன் 7 சேர வேண்டும். இதிலென்ன இருக்கிறது என்கிறீர்களா? அமெரிக்காவில் 6ஆம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதே கணக்கைக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே விடை சொன்னார்கள். 1999இல் வெளிவந்த ஆய்வு இது.

அவர்களுக்குக் கூட்டல் தெரியும். சமக்குறியின் பொருள்தான் தெரியவில்லை. 3 + 2 = என்ற வடிவிலேயே கணக்குகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, ‘=’ என்றால் “விடையை இங்கே எழுது” என்றுதான் தோன்றும். 1557இல் இக்குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றைவிடச் சமமான வேறு இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

சமக்குறியை இரட்டைத் தட்டுத் தராசாக நினைத்துக்கொள்ளுங்கள். x + 5 = 12 என்ற சமன்பாட்டில், “5 அந்தப் பக்கம் போனால் கழித்தலாகும்” என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். எண் எதுவும் தாண்டிப் போவதில்லை. இரு தட்டுகளிலிருந்தும் 5ஐ எடுக்கிறோம்; தராசு சாயாமல் நிற்கிறது; x = 7.

கரும்பலகையில் 12 + 8 = 20 − 5 = 15 என்று எழுதுவதும் இதே குழப்பத்தால்தான். 12 + 8 என்பது 15 ஆகுமா? இதை ஆசிரியரே எழுதினால், வகுப்பு முழுவதும் அப்படியே பழகும்; படிவம் 1இல் சமன்பாடு வரும்போது தடுமாறும். கெடாவில் தோட்டங்களில் தோன்றிய தமிழ்ப்பள்ளிகள் பல. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்க நேரலாம். அவருடைய பழக்கமே ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரின் பழக்கமாகிவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. 4 + 5 + 6 = 15; அது நடு எண்ணான 5இன் மூன்று மடங்கு. “அடுத்தடுத்த மூன்று எண்களுக்கு எப்போதும் இப்படித்தானா, டீச்சர்?” என்று ஆண்டு 4 மாணவி கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆயிரம் உதாரணம் காட்டினாலும் ‘எப்போதும்’ என்பது நிரூபணமாகாது. நடு எண்ணை n என்று வையுங்கள்: (n − 1) + n + (n + 1) = 3n. ஒரே வரியில் முடிந்தது. இந்த வரியை அந்த மாணவியிடம் அப்படியே எழுதிக் காட்ட வேண்டியதில்லை. “பெரிய எண்ணிலிருந்து ஒன்றை எடுத்துச் சிறிய எண்ணுக்குக் கொடு, மூன்றும் சமமாகிவிடும்” என்றால் போதும். ஆனால் இயற்கணிதம் புரிந்த ஆசிரியருக்கே அந்த எளிய விளக்கம் உடனே கைகொடுக்கும்.

எஸ்.பி.எம். முடித்து, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் வளாகத்திலோ ஜித்ரா டாருல் அமான் வளாகத்திலோ ஆசிரியர் பயிற்சிக்குச் செல்ல உங்களில் சிலர் எண்ணியிருப்பீர்கள். “சின்னப் பிள்ளைகளுக்குத்தானே சொல்லிக்கொடுக்கப் போகிறேன், x, y எல்லாம் எதற்கு?” என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்று வீட்டில் தம்பி தங்கையிடம் அந்தப் பெட்டிக் கணக்கைக் கொடுங்கள். 12 அல்லது 17 என்று விடை வந்தால் திட்டாதீர்கள். ஒரு தராசு வரைந்து காட்டுங்கள்.